பத்து நாள் ஜெல் போட்டும் மகனின் முகப்பரு கூடத்தான் செய்கிறது. நிறுத்திவிடலாமா?

மொட்டைமாடி:
என் மகனுக்கு 15 வயது. ஒரு வருடமாக முகப்பரு. முதலில் நெற்றியில் மட்டும் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக இருந்தது. இப்போது இரண்டு கன்னத்திலும் தாடை ஓரத்திலும் சிவந்து, சிலது சீழ் வைத்து நிற்கிறது. போன வாரம்தான் அவன் முதுகைப் பார்த்தேன். தோள்பட்டை வரை இருக்கிறது. எவ்வளவு புழுக்கத்திலும் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று ஏன் அடம்பிடித்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

தோல் மருத்துவரிடம் முகத்தைக் காட்டினோம். இரவில் அடாபலீன் 0.1% ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5%. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் நானும் எதையும் விவரமாகக் கேட்கவில்லை. இன்றோடு பத்து நாள். மூக்கோரம் தோல் உரிகிறது, எரிகிறது என்கிறான். கன்னத்தில் புதிதாக எட்டு கிளம்பியிருக்கிறது. (ஆமாம், தூங்கும்போது எண்ணினேன்.)

இன்னொரு சந்தேகம். புதிதாக வாங்கிய நீலத் துண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தலையணை உறையிலும் அப்படியே. துவைத்தாலும் போகவில்லை. இந்த மருந்தாலா?

உறவுக்காரர் ஒருவர் தன் மகளுக்குப் போட்ட க்ரீம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடுமாம். இதை நிறுத்திவிட்டு அதற்கு மாறலாமா?

ஈரக்குடை:
அக்கா, முதலில் அந்தத் துண்டு. அது பென்சாயில் பெராக்சைடின் கைவேலை. துணிச் சாயத்தை வெளுத்துவிடும். துவைத்தால் போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை, சாயம் போன இடம். நான் இரண்டு தலையணை உறையையும் ஒரு டீ-ஷர்ட்டையும் இழந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். வெள்ளைத் துண்டு ஒன்றைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து பத்து நாளில் நிறுத்தாதீர்கள். நான் 17 வயதில் இதே ஜெல்லை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் இரண்டாவது வாரத்தில் தூக்கிப் போட்டவள். நாலாவது முறைதான் ஒருவர் எனக்குப் புரியும்படி சொன்னார்: இன்றைக்குக் கண்ணில் படும் பரு இன்றைக்கு முளைத்ததில்லை. தோலில் உள்ள துளை பல வாரங்களுக்கு முன்பே உள்ளுக்குள் அடைத்துக்கொண்டிருக்கும். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோனால் எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது, உதிரும் தோல் செல்கள் வழியை அடைக்கின்றன, அங்கே கிருமி பெருகி வீங்குகிறது. அடாபலீன் அந்த அடைப்பைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே உள்ளே உருவாகிவிட்டதெல்லாம் வெளியே வந்துதான் தீரும். அதனால் முதல் சில வாரம் கூடினாற்போலத் தெரியலாம். 8 முதல் 12 வாரம் வரை கணக்கே பார்க்காதீர்கள்.

அவன் எப்படிப் போடுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் பருவின் மேல் மட்டும் பொட்டு வைத்ததுபோல் வைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஒரு பட்டாணி அளவுதான் முழு முகத்துக்கும். நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, பரு இல்லாத இடத்திலும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண், உதடு, மூக்கு மடிப்பு மூன்றையும் விட்டுவிட வேண்டும். அந்த மடிப்பில்தான் மருந்து தேங்கித் தோல் உரியும். முகம் கழுவியவுடன் ஈரத்தோடு போட்டால் எரிச்சல் கூடும், நன்றாகக் காய்ந்த பிறகு போடச் சொல்லுங்கள்.

எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசரை முதலில் தடவி, அதன் மேல் ஜெல். பரு முகத்துக்கு மாய்ஸ்சரைசரா என்று நானும் முறைத்தேன். அது இல்லாமல்தான் மூன்று முறை தோற்றேன். காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். ஸ்க்ரப் இருந்தால் ஒளித்து வையுங்கள்! ஆனால் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது வேறு விஷயம், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மாத்திரைப்பெட்டி:
மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் 20 வருடமாக நிற்கிறேன். அம்மா, அந்த உறவுக்காரர் கொடுத்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பீட்டாமெதசோன், க்ளோபீட்டசால், மொமீட்டசோன், இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மூன்று நாளில் பளிச்சென்று ஆவது உண்மைதான், சிவப்பையும் வீக்கத்தையும் அது சட்டென்று அமுக்கிவிடும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் நூல்நூலாகத் தெரியும், முகத்தில் முடி வளரும். அதைவிடக் கொடுமை, ஸ்டீராய்டே பருவை உண்டாக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எழும்பும். பயந்து மறுபடி அதையே கேட்டு வருவார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆன்டிபயாட்டிக் ஜெல்லையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். க்ளின்டாமைசினைத் தனியாகப் போட்டால் கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதிலும் 2.5% போதும், 10% போட்டால் பலன் அவ்வளவாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். உங்கள் மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், விளக்க நேரமில்லை போலிருக்கிறது.

சும்மாவந்தவன்:
எதற்கு இவ்வளவு? வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும். சாக்லேட்டை நிறுத்துங்கள், முகத்தை ஐந்தாறு தடவை கழுவச் சொல்லுங்கள்.

பழையகண்ணாடி:
@சும்மாவந்தவன், எனக்கும் இதையேதான் சொன்னார்கள். தானாகத்தான் போனது. கன்னத்தில் குழிகளை விட்டுவிட்டுப் போனது. எனக்கு இப்போது 41. இன்றும் புகைப்படம் எடுத்தால் எந்தப் பக்கம் வெளிச்சம் என்று பார்த்துத்தான் நிற்பேன்.

ஐந்தாறு தடவை கழுவினால் தோல் வறண்டு எரிவதுதான் மிச்சம். காலை, இரவு, வியர்த்த பிறகு, அவ்வளவுதான். அழுக்கால் வருவதில்லை இது. சாக்லேட்டைப் பற்றி உறுதியாக யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை அதிகமான சாப்பாடு, பால், ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடர் இதெல்லாம் சிலருக்குக் கூட்டுகிறது. பையன் ஜிம்முக்குப் போகிறானா என்று மட்டும் கேளுங்கள்.

நீங்கள் சொன்னதில் என்னை உறுத்துவது முதுகுதான். அதை மருத்துவர் பார்க்கவில்லை, இல்லையா? தொட்டால் வலிக்கிற, ஆழமான கட்டிகள் இருந்தாலோ குழி விழ ஆரம்பித்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். மாத்திரை தேவைப்படலாம். ஐசோட்ரெட்டினாயின் என்று ஒன்று, 1982-இலிருந்து இருக்கிறது. பலமான மருந்து. உதடு வெடிக்கும், ரத்தப் பரிசோதனை செய்வார்கள், மனநிலையையும் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கடும் பாதிப்பு வரும் என்பதால் பெண்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது. ஆனால் என் 15 வயதில் யாராவது எனக்கு அதைக் கொடுத்திருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை.

அவன் கிள்ளுகிறானா? குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால் அதுதான் நடக்கிறது. "கை வைக்காதே" என்று கத்தாதீர்கள், என் அம்மா கத்தினார், நான் பூட்டிக்கொண்டு கிள்ளினேன். பரு மேல் ஒட்டும் ஹைட்ரோகொல்லாய்டு பேட்ச் வாங்கிக் கொடுங்கள். விரலுக்கும் பருவுக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

மொட்டைமாடி:
பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த டியூபில் க்ளோபீட்டசால் இருந்தது. குப்பையில் போட்டுவிட்டு உறவுக்காரருக்கும் போன் செய்தேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

ஐந்தாவது வாரம் வரை அழுகை வந்தது, எனக்குத்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டதில் எரிச்சல் நின்றது. நெற்றி இப்போது கைக்கு வழவழவென்று இருக்கிறது. கன்னத்தில் புதிதாக வருவது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆனால் பழைய இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. மங்க மாதக்கணக்காகும், சன்ஸ்கிரீனை விடாதே என்றார் மருத்துவர். முதுகைக் காட்ட அவன் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது. அதற்குத் தனியாக ஒரு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு மட்டும்.

வெள்ளைத் துண்டு வாங்கிவிட்டேன். ஆனால் நேற்று இவர் தன் கறுப்புச் சட்டையின் காலரில் வெள்ளையாக நாலு விரல் அடையாளம் என்று கத்திக்கொண்டிருந்தார். பையன் அதைப் போட்டுக்கொண்டு நண்பன் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். எனக்கே தெரியாது, எட்டு மாதத்தில் அவன் எங்கேயும் போனதில்லை.