ஐந்து நாளாக மலம் போகவில்லை, ஜட்டியில் மட்டும் தினமும் கறை: மருந்தைக் கூட்டுவதா, நிறுத்துவதா?

எல்கேஜி அம்மா:
மகனுக்கு நாலரை வயது, 15 கிலோ. நாலைந்து நாளுக்கு ஒருமுறை, பெரிய கட்டியாக, அழுதுகொண்டே போகிறான். நடுவில் தினமும் ஜட்டியில் குழம்பு மாதிரி கறை. கேட்டால் "தெரியல" என்கிறான். பள்ளியில் டயப்பர் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். டாக்டர் இரவில் லேக்டுலோஸ் சிரப் 5 மி.லி. எழுதினார். கொடுத்தால் கறை கூடுகிறது, நிறுத்தினால் கட்டியாகிறது. விளக்கெண்ணெய் கொடுத்து ஒரேயடியாகக் கழுவிவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

குழந்தைநலச் செவிலியர்:
அம்மா, "தெரியல" என்று அவன் சொல்வது உண்மை. ஒருமுறை வலித்ததும் குழந்தை அடக்கப் பழகுகிறது. காலைப் பின்னிக்கொண்டு, சோபாவைப் பிடித்தபடி விறைத்து நிற்பதைப் பார்த்து முக்குகிறான் என்று நினைப்போம், அப்போதுதான் அடக்குகிறான். தேங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் கட்டி இறுகும். மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் கட்டியின் ஓரமாகக் கசிகிறது. இது வயிற்றுப்போக்கு இல்லை. அதை நிறுத்தும் மருந்தைத் தந்துவிடாதீர்கள், திட்டவும் வேண்டாம்.

சிரப் கூடிப்போகவில்லை, போதவில்லை. லேக்டுலோஸுக்கு வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 3 மி.லி. 15 கிலோவுக்கு 5 மி.லி. எந்த மூலைக்கு? அதோடு, அடைத்திருக்கும் கட்டியை முதலில் வெளியேற்றாமல் தினசரி அளவைத் தொடங்கினால் கசிவுதான் கூடும். டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே கட்டி அடைத்திருக்கிறதா? அதை இறக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் தரலாமா?

இறக்குவதற்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், தினமும், 3 முதல் 6 நாள். உங்கள் பையனுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 22 கிராம் வரும். கட்டிகள் நின்று, வருவதெல்லாம் தண்ணீராக இருந்தால் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த நாட்களில் கறை இன்னும் கூடும், பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். பள்ளி விடுமுறையில் தொடங்குவது நல்லது. பிறகு கிலோவுக்கு 0.4 கிராம், அதாவது சுமார் 6 கிராம். மலம் வாழைப்பழம் போல மெத்தென்று தினமும் வரும்வரை டாக்டர் இதைக் கூட்டிக் குறைப்பார்.

மருந்தாளுநர்:
கடையில் கவனம். இதே பெயரில் பெரிய பாக்கெட் ஒன்று உண்டு. 100 கிராமுக்கு மேல் இருக்கும், குடல் பரிசோதனைக்கு முன் பெரியவர்கள் லிட்டர் கணக்கில் கரைத்துக் குடிப்பது. அது வேண்டாம். சீட்டில் கிராம் அளவை எழுதி வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். இந்த மருந்து தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் மலத்தை இளக்குகிறது. குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கொடுத்தால் பலன் குறையும்.

விளக்கெண்ணெய் வயிற்றை முறுக்கிப் பிடிக்கும். வலிக்குப் பயந்துதான் அடக்குகிறான், மறுபடி வலியா? சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பதும் வேண்டாம். ஆசனவாயில் எரிச்சலோ கீறலோ வந்தால் அடக்குவது இன்னும் மோசமாகும்.

எல்கேஜி அம்மா:
மாதக்கணக்கில் கொடுத்தால் குடல் பழகிவிடாதா? கீரையும் வாழைப்பழமும் போதாதா?

குழந்தைநலச் செவிலியர்:
பவுடர் உடம்பில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. குடலைத் தூண்டிவிடும் மருந்தும் இல்லை. குடல் பழகுவதில்லை. குறைந்தது 2 மாதம் கொடுக்க வேண்டும், எல்லாம் சரியாகி ஒரு மாதம் கழிந்த பிறகே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். விரிந்த குடல் பழைய நிலைக்கு வர நாளாகும். ஒரு வாரம் நன்றாகப் போனதும் நிறுத்துவதால்தான் பெரும்பாலான வீடுகளில் இது திரும்புகிறது.

கீரை, பழம், தண்ணீர் வழக்கம்போல் இருக்கட்டும். இறுகிய கட்டியை அவை இறக்காது. பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் குறையுங்கள், சோறு உள்ளே போகாது.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். அதனால் காலை, இரவு உணவு முடிந்து கால்மணி நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் ஸ்டூல் வேண்டும், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் முக்க வலு கிடைக்காது. பலூன் ஊதச் சொன்னால் வயிறு தானாக அழுத்தும். உட்கார்ந்ததற்கே ஸ்டிக்கர் கொடுங்கள், வந்ததா வரவில்லையா என்பது கணக்கில்லை.

மருந்தாளுநர்:
பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாதிருந்தது, வயிறு உப்பி வாந்தி, எடை குறைவது, கால் பலவீனம், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ: இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் முயலாமல் உடனே காட்டுங்கள்.

எல்கேஜி அம்மா:
இதெல்லாம் இல்லை. சிறுநீரும் அடிக்கடி சிந்துகிறான், அது தனிப் பிரச்சினையா?

குழந்தைநலச் செவிலியர்:
நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கினாலும் அப்படி ஆகும். மலம் சரியானதும் பெரும்பாலும் குறையும். சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வரும் என்பதால் அடுத்த முறை போகும்போது சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். பள்ளிக்கு டயப்பருக்குப் பதில் மாற்று உடுப்பும் ஈரத் துடைப்பானும் கொடுத்தனுப்பி, கேட்டவுடன் கழிப்பறைக்கு விடும்படி டாக்டர் கைப்பட ஒரு வரி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.