மஞ்சள் விளக்கில் பிரேக் பிடித்தது என் தவறா?

பல்லாவரத்தான்:
மூன்று வாரமாகியும் அந்தக் கிறீச்சிடல் காதை விட்டுப் போகவில்லை. நந்தனம் சந்திப்பை 40 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டுக்கு மூன்று கார் நீளம் இருக்கும்போது மஞ்சள் விழுந்தது, பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அதன் தொட்டியிலிருந்து தளும்பிய தண்ணீர் என் காரின் பின்கண்ணாடி முழுவதும் வழிந்தது. "மஞ்சள்ல யாராவது நிப்பாங்களா சார்?" என்றார் ஓட்டுநர். அவர் கேட்டது சரியோ என்று இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
லாரிக்காரர் சொன்ன காரணம் தவறு, ஆனாலும் அந்த இடத்தில் நீங்கள் போயிருக்கத்தான் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியும் அதற்குரிய 11 மீட்டரும் ஆகிவிடும். அதன்பின் பதறாமல் நிறுத்த ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். மஞ்சள் 3 நொடி எரிந்தால் அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடலாம். ஆக, கோட்டிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் நிற்கலாம், இப்பால் இருப்பவர் கடக்கலாம் என்ற கணக்கில்தான் அந்த 3 நொடி வைக்கப்படுகிறது. நீங்களோ 15 மீட்டருக்குள் வந்துவிட்டீர்கள். நானும் ஒருமுறை இப்படி நின்று பின்விளக்கை உடைத்துக்கொண்டவன். இனிமேல் சந்திப்பை நெருங்கும்போதே பின்பார்வைக் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் கனரக வாகனம் வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். பிரேக் விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்று மாதம் ஒருமுறை சுவரருகே நிறுத்திச் சோதியுங்கள். தலைசாய்ப்பானை உங்கள் உயரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வடபழனிவாசி:
பொறியாளர் ஐயா, மீட்டர் கணக்கை யார் ரோட்டில் அளந்து பார்க்கிறார்கள்? எங்கள் சந்திப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். பூக்கூடையோடு ஒரு பாட்டி பாதி சாலையைக் கடந்திருந்தார். எதிரே சிவப்பு முடிய எத்தனை நொடி என்று காட்டும் எண் பலகையில் இன்னும் 3 மீதம் இருந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து பைக்குகள் உறுமியபடி கோட்டைத் தாண்டிவிட்டன. அவர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உறைந்து நின்றார். ஒரு பக்கம் மஞ்சள் முடிந்ததும் மறுபக்கம் பச்சை விழுமுன் எல்லாத் திசைக்கும் ஓரிரு நொடி சிவப்பு காட்டுவது, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியேறுவதற்காகத்தான். அந்த நொடிகளைத்தான் நம்மவர்கள் திருடிக்கொள்கிறார்கள்.

சிங்கை உணவு விநியோகிப்பவன்:
என் கதை வேறு. சிங்கப்பூரில் நள்ளிரவு, ஒரு கிளைச் சாலையில் பைக்கோடு நிற்கிறேன். எதிர்ச் சாலை வெறிச்சோடிக் கிடக்க, சிவப்பு மட்டும் மாறவே இல்லை. பின்னால் வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் இறங்கி, தார் பூசி மூடியிருந்த செவ்வகக் கோட்டைக் காலால் தட்டிக் காட்டினார். அதன்மேல் பைக்கை நகர்த்தினேன். சற்று நேரத்தில் பச்சை விழுந்தது. கோட்டுக்கு அடியில் கம்பிச்சுருள் புதைந்திருக்கிறது. உலோகம் மேலே வந்தால் அதன் மின்தூண்டல் மாறும், அதை வைத்தே வண்டி நிற்பதைச் சிக்னலை இயக்கும் பெட்டி அறிகிறது. எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கு சிக்னல்களைக் கணினி வழியே இயக்கும் 'கிளைடு' (GLIDE) அமைப்பு, சிட்னியில் உருவான அதே போன்ற 'ஸ்காட்ஸ்' (SCATS) வழிவந்தது. எந்தப் பக்கம் எத்தனை வண்டி என்று பார்த்துப் பச்சையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வடபழனியாருக்கு ஒரு மறுப்பு. எண் பலகையைப் பார்த்து முந்துபவர்கள் மட்டும் குற்றவாளிகள் அல்ல. பின்வரிசையில் நின்று ஹாரன் அடிப்பவர்களும்தான் முன்வரிசையைத் தள்ளுகிறார்கள். கார்கள் ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 நொடிக்கு ஒன்றாகத்தான் கோட்டைக் கடக்கும், அதிலும் முதல் இரண்டு மூன்று வண்டிகள் கிளம்பக் கூடுதல் நேரம் எடுக்கும். 30 நொடிப் பச்சையில் இருபதாவது காருக்கு எப்படி வழி கிடைக்கும்?

பல்லாவரத்தான்:
நேற்று மாலை அதே சந்திப்பில் நடைபாதையில் நின்று, கைக்கடிகாரத்தை வைத்து மஞ்சளை ஐந்து முறை எண்ணினேன். ஐந்து முறையும் மூன்று நொடிதான். நான் பிரேக் பிடித்த இடத்தில் டயர்த் தடம் மங்கலாக இன்னும் இருக்கிறது; அங்கிருந்து கோட்டை அடைய 18 தப்படிதான் ஆயிற்று.