ஷஃபில்பாட்டம் குடும்பப்பெயர்: 1789 வாக்கிலான ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறேன்

வணக்கம். என் மனைவி இங்கிலாந்தின் லங்காஷயர்காரர். அவர் அம்மா வழிக் குடும்பப்பெயர் ஷஃபில்பாட்டம். பெரி நகருக்கு அருகிலிருந்த ஷிப்பர்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்த பெயர்; செம்மறியாடுகளைக் கழுவும் நீர்த்துறை இருந்த பள்ளத்தாக்கு என்று பொருள். கேட்டதும் பலர் சிரிக்கிறார்கள். எனக்கு அது அந்த மண்ணின் வரலாறாகத்தான் தெரிகிறது.

1851 சென்சஸில் அவர் முன்னோர் ஒருவர் இருக்கிறார்: கைத்தறி நெசவாளர், வயது 62, பிறந்த ஊர் பெரி. அதற்கு முன்னால் தடயமே இல்லை. அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது, எனவே தேவாலயப் பதிவேடுகளே கதி.

பெரி செயின்ட் மேரி தேவாலயப் பதிவேடு, அதிலிருந்து பிஷப்புக்கு அனுப்பிய நகல்கள், பழைய தேவாலயப் பதிவுகளைத் தேடும் ஃப்ரீரெக், லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் இணையதளங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஷிப்பர்பாட்டம், ஷஃபில்பாதம், ஷவல்பாட்டம் என்ற எழுத்து வடிவங்களிலும் தேடினேன். பக்கத்து போல்டன், ராச்டேல், மிடில்டனிலும் இல்லை. இங்கிலாந்து திருச்சபையில் சேராத சபையினராக இருந்திருக்கலாம் என்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்ஜி 4 தொகுப்பையும் (அத்தகைய சபைகள் அரசிடம் ஒப்படைத்த பதிவேடுகள்) பார்த்தேன். அதிலும் கிடைக்கவில்லை.

1837 வாக்கில் அரசு கேட்டபோது ஒப்படைக்கப்படாத பெரி வட்டாரச் சபைப் பதிவேடுகளை எங்கே தேட வேண்டும்: பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்திலா, மான்செஸ்டரிலா?