எங்கள் ஊர் நடராஜரைத் திரும்பக் கேட்கலாமா?

குடமுருட்டிக்காரன்:
திருவாரூர் பக்கம் சின்ன கிராமம். எங்கள் சிவன் கோயில் நடராஜரையும் அம்மனையும் நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே தியாகராஜர் கோயிலில் இருக்கும் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆருத்ராவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்து, வேன் பிடித்து, போலீஸ் துணையோடு அழைத்து வருவோம். அன்று மாலையே திருப்பி ஒப்படைக்க வேண்டும். போன மார்கழியில் துணியை அவிழ்த்தால், திருவாசியின் (சாமியைச் சுற்றி இருக்கும் வளைவு) அடியில் வெளிர்பச்சையாக மாவு பூத்திருக்கிறது. குருக்கள் விரல் பட்டதும் உதிர்ந்தது. "நம்ம சாமி நம்ம ஊரிலேயே இருக்கட்டும், இரும்புக் கதவு போட்டுக்கலாம்" என்கிறார்கள் பெரியவர்கள். மனு எழுதும் வேலை என் தலையில். கேட்டால் கொடுப்பார்களா?

பழைய ஈ.ஓ.:
தம்பி, அறநிலையத் துறையில் செயல் அலுவலராக (ஈ.ஓ.) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் சொல்கிறேன். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் முதல் கேள்வியே "ராத்திரி யார் படுப்பார்?" என்றுதான் வரும். ஒருகால பூஜைக் கோயிலில் காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? கதவு ஒருதடவைச் செலவு. ஆள் மாசாமாசம் செலவு. மனுவில் அதற்குப் பதில் இல்லையென்றால் எழுதி அனுப்புவது வீண்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கதை தெரியும்தானே? பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயில். சாமிகள் திருடு போனதே 2008இல்தான் வெளியே தெரிந்தது. அதே வருஷம் அந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். எப்போதோ இந்தியாவை விட்டுப் போன சிலை என்று காட்ட அவரிடம் காகிதமும் இருந்தது. அதைப் பொய்யாக்கியது எது தெரியுமா? பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த போட்டோ. 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். 2022இல் இன்னொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் கோர்ட் கபூருக்குப் பத்து வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. படம் இல்லாத சாமிகள் எத்தனை எந்தப் பணக்கார வீட்டு வரவேற்பறையில் நிற்கின்றனவோ!

ஆக, சாமி எங்கே இருந்தாலும் சரி, முதலில் படம்.

செம்புப்பித்தன்:
வேதியியல் வாத்தியார் நான். சிலையில் பச்சை கெட்டியாக, கருமையாக ஒட்டிக்கொண்டிருந்தால் பயம் வேண்டாம். மாவாக உதிர்ந்தால் அது நோய். செம்போடு குளோரைடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். காற்றில் ஈரம் இருக்கிறவரை உள்ளே அரித்துக்கொண்டே போகும். தயவுசெய்து புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே 1930இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. மனுவில் அதையும் கேளுங்கள்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். மையத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இளநீரிலும் உப்பு உண்டு. காலையில் அபிஷேகம், சாயங்காலமே ஈரத்தோடு துணியைச் சுற்றி வேனில் ஏற்றினால் திருவாசி இடுக்கில் இருப்பது காயவே காயாது. நல்ல தண்ணீரில் அலசி, மூலைமுடுக்கெல்லாம் ஒற்றியெடுத்து, நன்றாக உலர்த்தி அனுப்புங்கள்.

தஞ்சாவூர்க்காரி:
எல்லாம் சரி. ஆனால் பூஜை நடக்கிற சாமியை அறைக்குள் வரிசையாக நிறுத்திப் பூட்டுவது பாதுகாப்பா? ஊர்க் கண் பட்டுக்கொண்டே இருக்கிற சாமியைத் திருடுவதுதான் கஷ்டம்.

பழைய ஈ.ஓ.:
அம்மா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஸ்ரீபுரந்தானில் ஊர்க் கண் படாததுதான் வினை. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் வேறு மாதிரி. பழுது பார்க்கக் கொடுத்த நடராஜருக்குப் பதிலாக நகல் வந்தது. ஊரே தினமும் அதைத்தான் கும்பிட்டது. பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் 1965இல் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசல் கலிபோர்னியாவில் கலைப்பொருள் சேகரித்த நார்ட்டன் சைமனிடம் போய், 1986இல்தான் திரும்பியது. கண் பட்டால் போதாது. எடை, உயரம், எந்த விரல், மூக்கு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

குடமுருட்டிக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. காவலர் விஷயத்தை ஊர்க்கூட்டத்தில் வைக்கிறேன். ஏற்கெனவே ரெண்டு பேர் முகம் சுளித்தாயிற்று. படம் எடுக்க மையத்தில் அனுமதி தருவார்களா?

பழைய ஈ.ஓ.:
அங்கே ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? ஆருத்ரா அன்று உங்கள் ஊரில்தானே இருப்பார். ஈ.ஓ.விடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, அபிஷேகத்துக்கு முன்னால், குருக்களை வைத்துக்கொண்டு எடுங்கள். முன்பக்கம் எல்லாரும் எடுப்பார்கள். முதுகு, சடையின் பின்புறம், பீடத்தில் கழி செருகும் துளை, பழைய ஒட்டு, தேய்ந்த இடம் இதெல்லாம்தான் அடையாளம். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். அலங்காரம் ஆகிவிட்டால் முகமும் மாலையும்தான் மிஞ்சும்.