மறு: குவாண்டம் இன்டர்ஃபெரன்ஸ் ஷிஃப்ட் – பெயர்ச்சியா, கோணலா?

அனைவருக்கும் வணக்கம்.

பக்கத்து நிறமாலை வரியின் குறுக்கீட்டால், அளக்கும் வரியின் மையம் இடம் மாறியதுபோல் தெரிவதைத்தான் 'குவாண்டம் இன்டர்ஃபெரன்ஸ் ஷிஃப்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'குவாண்டம் குறுக்கீட்டுப் பெயர்ச்சி' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். முதல் இரண்டு சொற்களில் எனக்குத் தகராறு இல்லை. குறுக்கீட்டு விளைவு நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலேயே உண்டு. இலங்கையில் 'தலையீடு' என்பார்கள், அதுவும் சரிதான். இடிப்பது 'பெயர்ச்சி'.

ஸ்டார்க் பெயர்ச்சியில் மின்புலத்தால் ஆற்றல் மட்டமே நகர்கிறது, கூடவே நிறமாலை வரியும் நகர்கிறது. இங்கே மட்டம் எதுவும் அசைவதில்லை.

ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் 2எஸ்–4பி அளவீட்டை, அதாவது அணுவை 2எஸ் மட்டத்திலிருந்து 4பி மட்டத்துக்கு ஏற்றும் ஒளியின் அதிர்வெண் அளவீட்டை, எடுத்துக்கொள்வோம். 4பி மட்டம் இரண்டாகப் பிரிந்தது; இடைவெளி சுமார் 1.4 கிகாஹெர்ட்ஸ். வரியின் அகலமோ 13 மெகாஹெர்ட்ஸ்தான். நூறு மடங்கு தள்ளி நிற்கும் பக்கத்து வரி என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அணு எந்த 4பி வழியாக ஏறி இறங்கியது என்று வெளிவரும் ஒளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இரு வழிகளின் வீச்சுகளையும் முதலில் கூட்டி, அப்புறம்தான் வர்க்கம் எடுக்க வேண்டும். அதில் வரும் குறுக்கு உறுப்பு வரியின் ஒரு தோளைத் தூக்கி, மறுதோளை இறக்கிவிடுகிறது. சமச்சீரான வளைவரையைப் பொருத்தினால் மையம் தப்பாக விழும். வரியின் மைய அதிர்வெண்ணைக் கொண்டு கணிக்கும் புரோட்டானின் ஆரம் 0.88 ஃபெம்டோமீட்டரா 0.84-ஆ என்ற சண்டையே சில கிலோஹெர்ட்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது இது சின்னப் பிழையில்லை. கோணலுக்கும் இடம் கொடுத்து வளைவரையைப் பொருத்தினார்கள், 0.8335 வந்தது.

வெளிவரும் ஒளியைப் பிடிக்கும் உணரியின் திசையையோ லேசரின் தளவிளைவுக் கோணத்தையோ (ஒளி அலை அதிரும் திசையையோ) மாற்றினால் இந்தப் 'பெயர்ச்சி'யின் அளவும் மாறும். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஒளியைச் சேகரித்தால் காணாமலே போய்விடும். இதைப் பெயர்ச்சி என்றால் மாணவர் மட்டத்தைத்தான் சந்தேகப்படுவார்.

ஆகவே என் பரிந்துரை 'குறுக்கீட்டுக் கோணல்'. முதலில் 'சாய்வு' என்று எழுதிப் பார்த்தேன். கணிதத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. 'சமச்சீரின்மை' துல்லியம்தான், ஆனால் ஒரே பத்தியில் மூன்று முறை வந்தால் மூச்சு வாங்கும். கோணல் கொச்சை என்பவர்களுக்கு: கோணல் வகிடு என்கிறோமே, அங்கே தலை எங்கும் நகர்ந்துவிடவில்லை.

ஒரு தயக்கம் எனக்கே உண்டு. 'தளவிளைவுக் கோணத்தைப் பொறுத்த கோணல்' என்று எழுத வேண்டிவரும்போது என்ன செய்வது?