மலைமேல் வீட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

சில்வர்ஓக், குன்னூர்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எந்த ப்ராசசர் நல்லது?" என்பதைத்தான். மேலே இருக்கிற நமக்கு அது நாலாவது கேள்வி. கரண்ட் எப்படி, ஈரம் எப்படி, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள், இதெல்லாம் முன்னால் வர வேண்டும். பிள்ளைகள் படிப்பு, ஹோம்ஸ்டே புக்கிங், தோட்டக் கணக்கு, இவ்வளவுதான் வேலை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அளவும் காரணமும் போதும்.

காட்டேரி

முதலில் அந்த நாலாவது கேள்வியை முடித்துவிடுவோம் அண்ணா. இந்த வேலைக்கு இன்டெல் ஐ3-12100 தாராளம். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி. இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. பில்லில் 12100எஃப் என்று கடைசியில் 'எஃப்' ஒட்டியிருந்தால் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. விலை குறைவு என்று எடுத்துவிட்டு முழிக்கிறவர்கள் நிறைய.

ரேம் 8 ஜிபியில் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. 5600ஜி என்றால் ஒரே 16 வேண்டாம், 8+8 ஆகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ரேமுக்குப் போகும் இரண்டு பாதையும் (சேனல்) ஓடினால்தான் வேகம் வரும்.

டிஸ்க் 500 ஜிபி எஸ்எஸ்டி. சாட்டா வகை விநாடிக்கு 550 எம்பி, என்விஎம்ஈ ஜென்3 வகை 3,500 வரை என்பார்கள். பில் போடவும் பிரவுசர் திறக்கவும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல்.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய இடம், கோவையில் கிடைக்கிற பழைய ஆபீஸ் மெஷின். ஐ5-6500, ஐ5-7500 எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. ஐ5-8500 மாதிரி கோட்டுக்குப் பிறகு 8இல் தொடங்குகிற எண்ணாகப் பாருங்கள். "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்பார்கள். குறுக்கு வழியில் ஏற்றியது ஓடும். நாளைக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. படிப்புக்கு மட்டும் என்றால் அதே மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். தோட்டக் கணக்கு டாலியில் என்றால் விண்டோஸ் இல்லாமல் நடக்காது.

கொண்டைஊசி, கோத்தகிரி

கரண்டுக்கு வருகிறேன். 600 விஏ யுபிஎஸ் என்றால் 360 வாட் அளவு. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-அவர். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் இழுத்தால் 50 நிமிடம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். வேகமாக இறக்கும்போது ஈய பேட்டரி முழுதாகக் கொடுக்காது, பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவதிலும் நஷ்டம். 15, 20 நிமிடம்தான். டிசம்பர் குளிரில் அதுவும் குறையும். சேமித்துவிட்டு நிறுத்த அவ்வளவு போதும். மரம் விழுந்து லைன் அறுந்த நாளுக்குப் போதாது.

பெட்டியில் இன்புட் 140 முதல் 300 வோல்ட் வரை என்று இருக்கிறதா பாருங்கள். சாயங்காலம் ஊரே கீசர் போடும்போது வோல்டேஜ் இறங்கும். இன்புட் வரம்பு குறுகலான யுபிஎஸ் அப்போதெல்லாம் பேட்டரிக்குத் தாவும். நிஜமாகவே கரண்ட் போகிற நேரத்தில் பேட்டரி காலி. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அதன் சூட்டு ரோலர் திடீரென்று இழுக்கிற கரண்டைத் தாங்காமல் யுபிஎஸ் கட் ஆகும்.

எர்த்தையும் பாருங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எலக்ட்ரீஷியன், அப்புறம் கம்ப்யூட்டர். ஏப்ரல், மே இடி மழையில் பிளக்கைப் பிடுங்குங்கள். மானிட்டருக்குப் பதில் டிவி வைத்திருந்தால் டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

தேவாலா மழை

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் தொடங்கி நாலு மாதம் சுவரே வியர்க்கும். கேபினட்டுக்குள் சிலிக்கா ஜெல் போடுகிறார்களே, அது வீண். காற்று போய் வருகிற பெட்டியில் பொட்டலம் எத்தனை நாள் தாங்கும்? ஓடுகிற கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே தன்னைக் காயவைத்துக்கொள்ளும். உள்ளே 10 டிகிரி ஏறினாலே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கெட்டுப்போவது பூட்டிக் கிடக்கிற வீட்டு மெஷின்தான். வாரம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை, பீப் அடிக்கிறது என்றால் பத்துக்கு ஏழு தடவை ரேம் காலில் படிந்த மங்கல்தான். பிளக்கை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்கநிறப் பட்டையை வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, காயவிட்டு மாட்டுங்கள். தேதி 2000க்கோ 2015க்கோ ஓடிப்போனால் சிஆர்2032 பட்டன் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம்.

கேபினட்டை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி, தரையிலிருந்து ஒரு பலகை உயரம்.

பில்லர் ராக், கொடைக்கானல்

இவ்வளவையும் படித்தவர்களுக்கு லேப்டாப்பே போதும் என்று தோன்றும். தினம் மூன்று மணி நேரத்துக்குக் கீழே வேலை, அடிக்கடி கரண்ட் கட் என்றால் சரிதான். யுபிஎஸ் செலவு மிச்சம். வாங்குமுன் ரேம் மதர்போர்டில் சால்டர் செய்ததா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். காலி ஸ்லாட்டும் இல்லாமல் சால்டர் செய்த 8 ஜிபி என்றால் நாளைக்கு 16 ஆக்க முடியாது.

"ஆன்-சைட் வாரண்டி" என்றால் ஆள் வீட்டுக்கு வருவார் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி தளத்தில் உங்கள் பின்கோடை, 624101, 643001 எதுவானாலும், அடித்துப் பாருங்கள். மலைக்கு வராது என்றால் மதுரைக்கோ கோவைக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் இறங்க வேண்டும். அதற்கு ஒரிஜினல் அட்டைப்பெட்டியையும் தெர்மாக்கோலையும் பரணில் வையுங்கள்.

சில்வர்ஓக், குன்னூர்

ஃபைபர் மோடத்துக்கு?

கொண்டைஊசி, கோத்தகிரி

அதற்குத் தனியாக 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடுங்கள் அண்ணா, பெரிய யுபிஎஸ்ஸில் சேர்க்க வேண்டாம். அடாப்டர் ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாமல் வாங்குங்கள். பின் பருமனையும் சரிபாருங்கள். பொருந்தாத பின் லூசாக நின்று மோடம் விட்டுவிட்டு ரீஸ்டார்ட் ஆகும், நாம் லைன் சரியில்லை என்று புகார் கொடுத்துக்கொண்டிருப்போம்.