பொருள்: ‘டார்மன்ட் லாங்குவேஜ்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
திங்கட்கிழமை மொழியியல் வகுப்புக்குக் கிலாலம் மொழி பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் வடகரையில் வழங்கிய, சாலிஷ் என்னும் பூர்வகுடி மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதைத் தாய்மொழியாகக் கற்றவர்களில் கடைசியானவர் ஹேசல் சாம்ப்சன்; 2014இல், 103 வயதில் காலமானார். ஆனால் ‘இறந்த மொழி’ என்று எழுதக் கை வரவில்லை. 2012இல் அகராதி வந்தது. அங்குள்ள போர்ட் ஏஞ்சலஸ் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். தாய்மொழியாகப் பேச ஆளில்லாமல் போனாலும் அதன் மக்கள் கைவிடாத இப்படிப்பட்ட மொழியை ஆங்கிலத்தில் ‘டார்மன்ட்’ என்பார்கள். அதற்கு ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் தாருங்கள்.
– ம.

துஞ்சுமொழி. கலப்பில்லாத பழந்தமிழ்.
– க.

> துஞ்சுமொழி
ஐயா, குளமுற்றத்துத் துஞ்சிய சோழன் கிள்ளிவளவன் எழுந்தா வந்தான்? தூக்கத்துக்கும் சாவுக்கும் துஞ்சுதல் ஒன்றே. துயில்மொழி என்போம்.
– செ.

ஈழத்தில் ‘துயிலும் இல்லம்’ என்றால் மாவீரர் கல்லறைதான் நினைவுக்கு வரும். வேண்டாம்.
– வ.

உறங்குமொழி? வினைத்தொகை, முக்காலமும் அடக்கம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் புரியும்.
– தே.

> உறங்குமொழி
‘உறங்குவது போலும் சாக்காடு’ என்று குறளே சொல்லிவிட்டது. துஞ்சு ஆகாதென்றால் இதுவும் ஆகாது.
– க.

அடுத்த அடியையும் படியுங்கள் ஐயா: ‘உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’. நமக்கு வேண்டியதே அதுதான்.
– தே.

அது கிடக்கட்டும். ‘கிலாலமா’, ‘க்ளாலமா’? மெய்யில் சொல் தொடங்காது.
– செ.

அவர்கள் தங்களுக்கு வைத்திருக்கும் பெயரில் மூன்று மெய்கள் இடையில் உயிரே இல்லாமல் அடுக்கி நிற்கின்றன! நம் மொழிமுதல் விதியை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? கிலாலம் என்றே இருக்கட்டும்.
– ம.

சொல் எதுவானாலும் எனக்கு உறக்கமே உறுத்துகிறது. அந்த மொழி அசதியில் கண்ணயரவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசத் தயங்கினார்கள். ‘ஒடுக்குண்ட மொழி’ என்று எழுதுங்கள்.
– வ.

அது காரணம், கேட்டது நிலை. உலகில் ஒடுக்கப்பட்ட மொழிகள் பல, பேச ஆள் இருந்தும் ஒடுங்கிக் கிடக்கின்றனவே?
– தே.

நிலையைச் சொல்லும் சொல் காரணத்தை மூடக்கூடாது.
– வ.

சரி, பெரும்பாலோர் உறங்குமொழி என்கிறீர்கள். அச்சுக்கு அதையே அனுப்புகிறேன். வ. சொன்ன உறைவிடப் பள்ளிச் செய்தி அடுத்த வரியிலேயே வருகிறது.
– ம.

> அடுத்த வரியிலேயே
மாணவர் தேர்வில் எழுதப்போவது முதல் வரியை.
– வ.